"அங்கே பார்க்க ஒன்றும் இல்லை": ஃபமிலி டே உலாவை நிறுத்திய சங்க நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

சங்கத்தின் நிர்வாகக் குழுவினருக்கு,

பெப்ரவரி மாதத்து ஃபமிலி டே விடுமுறை அன்று, ரொறன்ரோவுக்குக் கிழக்கே ஏஜாக்ஸ் நகரின் ஒன்ராறியோ ஏரிக்கரையில் வழமையாக நடக்கும் குடும்ப உலாவை இந்த ஆண்டு முதல் நிறுத்துவதாக வட்ஸ்அப்பில் அறிவித்திருக்கிறீர்கள். அதற்குப் பதிலாக மண்டபத்தில் மதிய விருந்தும் இசை நிகழ்ச்சியுமாம். காரணம் மூன்று சொல்லியிருக்கிறீர்கள். குளிர் தாங்காது. ஐஸ் ஆபத்து. மூன்றாவது, "அந்த நேரம் அங்கே பார்க்க ஒன்றும் இல்லை."

முதல் இரண்டும் ஏற்பாட்டில் இருந்த குறைகள். எப்படித் திருத்தலாம் என்று கீழே விவரமாக எழுதியிருக்கிறோம். மூன்றாவதுதான் எங்களைப் பேசாமல் இருக்க விடவில்லை. ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறோம்.

உங்கள் உறுப்பினர்களில் எத்தனை பேருடைய வீட்டு முகவரி ஒரு கடற்படைச் சிப்பாயின் பெயர் என்று உங்களுக்குத் தெரியுமா? ஏஜாக்ஸ் என்பதே ஒரு போர்க்கப்பலின் பெயர். இரண்டாம் உலகப்போரில், 1939 டிசம்பர் 13 அதிகாலை, தென்னமெரிக்காவின் பிளேற் ஆற்றுக் கழிமுகத்துக்கு வெளியே, அட்மிரல் கிராஃப் ஸ்பே என்ற ஜேர்மன் கப்பலைப் பிரித்தானியக் கடற்படையின் மூன்று கப்பல்கள் மறித்தன: எக்சிற்றர், அக்கிலிஸ், ஏஜாக்ஸ். ஜேர்மன் கப்பலின் பெரிய பீரங்கிகள் 11 அங்குலம், ஏஜாக்ஸினுடையவை 6 அங்குலம். சண்டையின் நடுவில் ஏஜாக்ஸின் பின்பக்கப் பீரங்கிக் கூடுகள் இரண்டும் செயலிழந்தன. அதில் 7 பேரும், அக்கிலிசில் 4 பேரும், எக்சிற்றரில் 61 பேரும் இறந்தார்கள். ஜேர்மன் பக்கத்தில் 36 பேர். நான்கு நாள் கழித்து, மொன்ரிவிடியோவுக்கு வெளியே, ஜேர்மன் தளபதி தன் கப்பலைத் தானே வெடி வைத்து மூழ்கடித்தார். அந்த மூன்று கப்பல்களிலும் இருந்தவர்களின் பெயர்களைத்தான் இந்த ஊர் தன் தெருக்கள் பலவற்றுக்கு வைத்திருக்கிறது. நாம் தினமும் ஏறி இறங்கும் ஹார்வுட் அவெனியூ, ஏஜாக்ஸில் இருந்தபடி அந்த அணியை நடத்திய கொமடோர் ஹென்றி ஹார்வுட்டின் பெயர். (டிசம்பரில் நடந்த அந்தச் சண்டை அங்கே கோடைகாலத்தில் நடந்தது என்று ஏழு வயதுப் பிள்ளைக்குச் சொல்லிப் பாருங்கள். பூமி உருண்டையைப் பற்றி அரை மணித்தியாலம் கேள்வி கேட்கும்.)

கப்பலின் பெயர் இந்த மண்ணுக்கு வந்த வழி இன்னும் பெரியது. 1941 இல் பிக்கரிங் ரவுன்ஷிப்பின் தோட்டக்காணிகள் சுமார் 2,800 ஏக்கரை அரசு எடுத்து, டிஃபென்ஸ் இண்டஸ்ரீஸ் லிமிட்டெட் என்ற பீரங்கிக்குண்டு நிரப்பும் ஆலையை அமைத்தது. உச்ச காலத்தில் அங்கே வேலை செய்தவர்கள் 9,000 பேருக்கு மேல். பெரும்பாலானோர் இளம் பெண்கள். மேற்கு மாகாணங்களின் கோதுமைப் பண்ணைகளிலிருந்து ரயிலேறி வந்தவர்களும் அவர்களில் உண்டு. போர் முடிவதற்குள் நிரப்பப்பட்ட குண்டுகள் 4 கோடிக்கு மேல். குண்டு நிரப்பும் ஆலைகளின் வழக்கப்படி, வேலைக்கு வந்தவுடன் வெளி உடுப்பைக் கழற்றி வைத்து, ஆலை உடுப்பும் ஆணி அடிக்காத சப்பாத்தும் போட்டுத்தான் உள்ளே போகவேண்டும். தலைமயிர் ஊசி, மோதிரம், தீப்பெட்டி எதுவும் உள்ளே போகாது. ஒரு சிறு பொறி போதும். குளிர்காலத்தில் இரவு முறை முடிந்து வெளியே வந்தால் மரப்பலகை வீடு. போர்க்கால வீடுகள் அவசரத்தில், தற்காலிகமாக என்று, நிலவறை இல்லாமல் கட்டப்பட்டவை. அடியில் காற்று புகுந்தால் தரை எப்படிச் சில்லிட்டிருக்கும் என்று பேஸ்மென்ற் வாடகைக்கு இருந்த நம் ஆக்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

போர் முடிந்ததும் அந்தக் கட்டடங்களுக்குள் ரொறன்ரோ பல்கலைக்கழகம் குடிவந்தது. 1946 முதல் 1949 வரை, போரிலிருந்து திரும்பிய இளைஞர்கள் இங்கே பொறியியல் படித்தார்கள். குண்டு நிரப்பிய இடத்தில் வகுப்பறை. தம் பிள்ளைகளை எஞ்சினியர் ஆக்குவதற்காக இந்த ஊரில் வீடு வாங்கிய சமூகத்துக்கு இந்தத் தகவல் ஒன்றுமில்லை என்றால், எதைத்தான் நாம் வரலாறு என்பது?

நகர மண்டபத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பற் பெய்லி சதுக்கத்தில் குளிர்காலத்தில் ஸ்கேற்றிங் தளம் போடுவார்கள். அங்கே வட்டமடிக்கும் நம் பிள்ளைகளில் ஒருவருக்காவது அந்தப் பெயர் யாருடையது என்று சங்கம் சொல்லியிருக்கிறதா? பற் என்று அழைக்கப்பட்ட பெஞ்சமின் டிஃபொரெஸ்ற் பெய்லி ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் மின்பொறியியல் பேராசிரியர். போர்க்காலத்தில் பிரித்தானிய உளவு அமைப்புக்காக, ரொக்கெக்ஸ் என்றொரு இரகசியச் செய்தி இயந்திரத்தை வடிவமைத்தவர். ஏஜாக்ஸ் நகரமாகியபோது அதன் முதல் மேயர். அவர் போர்க்காலத்தில் தொடர்புகொண்டிருந்த காம்ப் எக்ஸ் என்ற இரகசியப் பயிற்சி முகாம் ஏரிக்கரையோடு கிழக்கே, விற்பி – ஒஷவா எல்லையில் இருந்தது. 1941 டிசம்பர் 6 அன்று, பேர்ள் ஹாபர் தாக்குதலுக்கு முதல் நாள், திறக்கப்பட்டது. இன்று அந்த இடம் ஒரு பார்க். கட்டடம் எதுவும் மிச்சமில்லை, ஒரு நினைவுச்சின்னம் மட்டும் நிற்கிறது. பனி மூடிய வெறுந்தரையில் நின்று "இங்கேதான் உளவாளிகளைப் பயிற்றினார்கள்" என்று சொன்னால் பிள்ளைகள் முகத்தில் வரும் வெளிச்சத்தை மண்டபத்து டிஜே லைற்றால் கொண்டுவர முடியாது.

இன்னும் பின்னால் போகலாம். இப்போது கிங்ஸ்ரன் றோட் எனப்படும் பாதையின் முன்னோடியை 1799 – 1800 இல் ஏசா டான்ஃபோர்த் என்ற ஒப்பந்தக்காரர் காடு வெட்டித் திறந்தார். 1807 இல் ரிமொத்தி றொஜர்ஸ் என்பவர் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினரை டஃபின்ஸ் கிறீக் ஓரத்தில் குடியேற்றினார். அவர்களின் செங்கல் கூட்ட மண்டபம், கனடா கூட்டாட்சி பிறந்த அதே 1867 இல் கட்டப்பட்டது, பிக்கரிங் வில்லேஜில் இன்றும் நிற்கிறது. அந்தக் காலத்தில் குளிர்காலம்தான் பயணத்துக்குரிய காலம் என்பதையும் கவனியுங்கள். வசந்தத்தில் பாதை சேறாகிவிடும். நிலம் உறைந்து பனி இறுகிய பிறகுதான் சறுக்குவண்டியில் தானியமும் மரமும் ஏற்றிப்போவார்கள். குளிர் வந்தால் வெளியே போகக்கூடாது என்பது இந்த ஊருக்குப் புதிதாக வந்த எண்ணம்.

இவர்கள் எல்லோருக்கும் முந்தியவர்களைச் சொல்லாமல் இந்த உலா முழுமையாகாது. பிக்கரிங் பக்கம் இருக்கும் பிரெஞ்ச்மன்ஸ் பே என்ற பெயர், 1669 – 70 குளிர்காலத்தை அந்தப் பக்கம் இருந்த செனெக்கா ஆதிக்குடி மக்களின் கிராமத்தில் கழித்த ஃபெனெலோன் என்ற பிரெஞ்சுப் பாதிரியாரால் வந்தது. பின்னர் இந்த ஏரிக்கரை மிசிசாகா மக்களுடையதாக இருந்தது. அவர்களோடு பிரித்தானிய அரசு செய்த 1787 – 88 இன் "துப்பாக்கிச் சூட்டு ஒப்பந்தம்" எல்லையே ஒழுங்காக எழுதப்படாத ஒப்பந்தம். கரையில் சுட்ட சத்தம் உள்நாட்டில் எவ்வளவு தூரம் கேட்கிறதோ அவ்வளவு நிலம் என்று வழிவழியாகச் சொல்வதால் அந்தப் பெயர். 1923 இன் வில்லியம்ஸ் ஒப்பந்தங்கள் அவர்களின் வேட்டை, மீன்பிடி உரிமையையும் பறித்தன. 2018 இல்தான் ஏழு ஆதிக்குடிகளுடன் 111 கோடி டொலர் இழப்பீட்டுத் தீர்வு வந்தது, அரசு மன்னிப்பும் கேட்டது. காணி, எல்லை, கையெழுத்து, ஏமாற்றம்: இந்தச் சொற்களின் பாரம் தெரிந்த சமூகம் நாம். ஜனவரியில் தமிழ் மரபுத்திங்கள் மேடையில் "நாங்கள் நிற்கும் இந்த நிலம்" என்று தொடங்கும் நிலவுரிமை வாசகத்தை ஆங்கிலத்தில் முப்பது விநாடியில் வாசித்து முடிக்கிறீர்கள். அது என்ன நிலம், யாரிடமிருந்து எப்படி வந்தது என்று தமிழில் ஒரு தடவையாவது சொல்லியிருக்கிறீர்களா?

சரி, ஆபத்துக்கு வருவோம். இதில் உங்கள் பயம் நியாயமானது. ஆனால் நீங்கள் பயப்படும் இடம் வேறு, ஆபத்து இருக்கும் இடம் வேறு.

சென்ற உலாவில் கரையோரத்து வெள்ளை மேட்டில் ஏறி நின்று குழுப் படம் எடுக்க அனுமதிக்கப்பட்டது. இந்த மடலில் நாங்கள் சொல்லும் மிகப்பெரிய குற்றச்சாட்டு இதுதான். அது நிலம் இல்லை. ஒன்ராறியோ ஏரியின் சராசரி ஆழம் 86 மீற்றர், மிக ஆழமான இடம் 244 மீற்றர். கோடையில் வாங்கிய சூட்டை அத்தனை தண்ணீரும் பிடித்து வைத்திருப்பதால் ஏரி முழுவதும் உறைவது மிக அரிது. சராசரி 19 மீற்றரே ஆழமான ஈரி ஏரி சுலபமாக உறைந்துவிடும், இது உறையாது. ஆகவே நடுக்குளிர்காலத்திலும் அலை அடித்துக்கொண்டே இருக்கும். அந்த அலையின் தூவானம் கரையில் விழுந்து, படைபடையாக உறைந்து, தண்ணீருக்கு மேல் ஒரு திண்ணை போல நீளும். அதன் அடியில் அலை புகுந்து அரிக்கும். வெடிப்பு வழியே தண்ணீர் மேலே பீய்ச்சி, விழுந்து உறைந்து, எரிமலை போன்ற கூம்புகள் உருவாகும். பார்க்க வடிவாக இருக்கும், உள்ளே பொள்ளல். மேலே ஒரு சாண் பனி விழுந்துவிட்டால் மணல் எங்கே முடிகிறது, திண்ணை எங்கே தொடங்குகிறது என்று யாராலும் சொல்ல முடியாது. அது உடைந்தால் விழுவது அலையடிக்கும் தண்ணீருக்குள். மேலே ஏறிவரப் பிடிமானம் இல்லாத வழுக்குச் சுவர்.

இதற்கு வழி உலாவை நிறுத்துவதல்ல. ஒரே ஒரு விதி போதும்: தார் போட்ட நடைபாதையை விட்டு ஏரிப் பக்கம் யாரும் இறங்கக்கூடாது. ஏஜாக்ஸ் ஏரிக்கரை ஏறக்குறைய முழுவதும் பொதுநிலம், கரையோரமாகவே வோட்டர்ஃப்ரன்ற் நடைபாதை ஓடுகிறது. அந்தக் கூம்புகளைப் பாதையிலிருந்தே வடிவாகப் பார்க்கலாம், எப்படி உருவாகின என்று விளக்கலாம். பிள்ளைகளுக்கு அது ஒரு அறிவியல் பாடம்.

வீட்டுத்திட்டங்களுக்கு நடுவே இருக்கும் மழைநீர்க் குளங்களிலும் நம் பிள்ளைகள் ஸ்கேற்றிங் போகிறார்கள். அவை ஏரியைவிட நம்பமுடியாதவை. தெருவில் தூவிய உப்பு கரைந்த தண்ணீர் குளிர்காலத்திலும் குழாய் வழியே உள்ளே வந்துகொண்டிருக்கும். உப்புத் தண்ணீர் லேசில் உறையாது. நீர்மட்டம் ஏறி இறங்குவதால் ஐஸுக்கும் தண்ணீருக்கும் இடையில் வெற்றிடம் விழும். வாய்க்கால் வாயருகே மேற்பக்கம் கண்ணாடி போலத் தெரிந்தாலும் மெல்லிய தகடுதான். இயற்கையான குளத்தில் ஒருவர் நடக்க அல்லது ஸ்கேற் பண்ணக் குறைந்தது 15 சென்ரிமீற்றர் தெளிந்த ஐஸ் வேண்டும் என்பது செஞ்சிலுவைச் சங்கம் சொல்லிவந்த அளவு. பலர் சேர்ந்து விளையாட 20. அதுவும் நீலமாகத் தெளிந்த ஐஸுக்கு. பால் வெள்ளை ஐஸின் பலம் அதில் பாதி. சாம்பல் நிறமென்றால் கிட்டவும் போகக்கூடாது, உள்ளே தண்ணீர் இருக்கிறது. துளையிட்டு அளக்க நம்மிடம் ஆளும் இல்லை, கருவியும் இல்லை. ஆகவே குளங்கள் முற்றாக வேண்டாம். சதுக்கத்துத் தளம் போதும். சூடு ஏறினால் அதையும் மூடுவார்கள், புறப்படும் முன் நகரத்தின் அறிவிப்பைப் பார்த்துவிட்டுப் போனால் ஏமாற்றம் இல்லை.

யாராவது விழுந்துவிட்டால் என்ன செய்வது என்பதைத் தொண்டர்கள் ஒவ்வொருவரும் மனப்பாடமாகச் சொல்லவேண்டும். மனிற்றோபா பல்கலைக்கழகத்தின் கோர்டன் கீஸ்பிரெக்ற் பரப்பிய கணக்கு 1 – 10 – 1. முதல் 1 நிமிடம் மூச்சு வாங்கும், பதறாமல் மூச்சை அடக்கவேண்டும். அடுத்த 10 நிமிடம் கைகால் வேலை செய்யும், அதற்குள் வந்த வழியே திரும்பி, கைகளை ஐஸ் மேல் நீட்டி, காலை உதைத்து, வயிற்றில் வழுக்கி ஏறி, எழும்பாமல் உருண்டு வரவேண்டும். நினைவு தப்ப ஏறக்குறைய 1 மணித்தியாலம் ஆகும். கரையில் நிற்பவர் 911 அழைத்துவிட்டு, கயிறோ தடியோ ரொபோகன் என்ற சறுக்குப் பலகையோ எறிவதோடு சரி. பின்னால் ஓடிப்போகும் அப்பா இரண்டாவது ஆளாக விழுகிறார்.

அடுத்தது குளிர். உங்கள் பழைய அறிவிப்பில் "தகுந்த குளிர் உடைகளுடன் வரவும்" என்ற ஒரு வரிதான் இருந்தது. அதன் விளைவு, ஜீன்ஸும் பருத்திச் சொக்ஸும் போட்ட பிள்ளைகள் இருபது நிமிடத்தில் அழுதுகொண்டு காருக்குள் இருந்தது. பருத்தி ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு உடம்புச் சூட்டை உறிஞ்சும். உள்ளே பொலியெஸ்ரர் அல்லது மெரினோ கம்பளியில் தேர்மல், நடுவில் பிளீஸ் அல்லது கம்பளிச் சுவெற்றர், வெளியே காற்றும் ஈரமும் புகாத ஜக்கெற்றும் ஸ்னோ பான்ற்ஸும். விரல் பிரிந்த கையுறையைவிட விரல்கள் ஒன்றாக இருக்கும் மிற்றன் சூடு. ஒரு சோடி கட்டாயம் மேலதிகமாக வேண்டும், முதற் சோடி அரை மணியில் நனைந்துவிடும். பூட்ஸுக்குள் இரண்டு சொக்ஸ் திணிப்பது நம்மவர்களின் பெரும் பிழை. இறுகினால் இரத்த ஓட்டம் குறைந்து விரல் இன்னும் விறைக்கும். தடித்த ஒரு சொக்ஸ், உள்ளே விரலை ஆட்ட இடம். கழுத்துத் துண்டு வேண்டாம், சறுக்கும் மலையில் கொழுவிக்கொள்ளும். தலைவழியே இழுத்துப் போடும் கழுத்துறை போதும்.

காரில் வரும்போது இன்னொன்று. குழந்தை இருக்கைப் பட்டிக்கு அடியில் தடித்த ஜக்கெற் கூடாது. மோதலில் ஜக்கெற்றின் பஞ்சு அமுங்கி, பட்டி தளர்ந்து, பிள்ளை நழுவிவிடும். பிளீஸோடு இருத்திப் பட்டியை இறுக்குங்கள். தோளருகே பட்டித் துணியை விரலால் கிள்ளிப் பிடிக்க முடிந்தால் இன்னும் இறுக்கவேண்டும். மேலே ஜக்கெற்றைப் போர்வையாகப் போட்டுவிடலாம்.

"குளிர் தாங்காது" என்று பொதுவாகச் சொல்வதற்குப் பதில் ஒரு எண்ணை வைத்துத் தீர்மானியுங்கள். ஏரிக்கரையில் காற்றுதான் எதிரி. வெப்பமானி −10 காட்டும் நாளில் மணிக்கு 30 கிலோமீற்றர் காற்று அடித்தால் தோலுக்கு அது −20 போல. காற்றுக்குளிர் −28 ஐத் தொட்டால் மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்தில் உறையத் தொடங்கலாம். அதுதான் நம் எல்லைக்கோடு. முதல் நாள் மாலை எதிர்வுகூறலைப் பார்த்து, அதைத் தாண்டினால் ஒத்திவையுங்கள், யாரும் கோபிக்கமாட்டார்கள். −15 இல் ஒழுங்கான உடுப்போடு முக்கால் மணித்தியாலம் நடந்து, இருபது நிமிடம் உள்ளே சூடேற்றி, மீண்டும் வெளியே போவதில் பிரச்சினையே இல்லை. பிள்ளைக்குக் குளிர்கிறதா என்று கையைத் தொட்டுப் பார்க்காதீர்கள், கை எப்போதும் குளிர்ந்திருக்கும். பிடரியைத் தொடுங்கள். மூக்கு நுனியோ காதோ வெள்ளையாகி உணர்ச்சி இல்லை என்றால் உள்ளே கூட்டிப்போய் உடம்புச் சூட்டில் வையுங்கள். பனியால் தேய்ப்பது பழைய மூடத்தனம், தோலைக் கிழிக்கும்.

ரொபோகன் மலையை முற்றாகத் தடைசெய்யவும் தேவையில்லை. மரம், வேலி, விளக்குக்கம்பம், தெரு எதுவும் எதிரே இல்லாத, கீழே நீண்ட சமதரை உள்ள, சாய்வு 30 பாகைக்குக் குறைந்த மேடாகத் தேர்ந்தெடுக்கவேண்டும். தலையில் ஹொக்கி அல்லது பனிச்சறுக்கு ஹெல்மற். சைக்கிள் ஹெல்மற் ஒருமுறை அடிக்கு மட்டும் செய்தது. இருந்து அல்லது முழங்காலில்தான் சறுக்கவேண்டும், தலை முன்னால் போகக்கூடாது. காற்றடைத்த ரியூப்பும் வட்டத் தட்டும் திருப்ப முடியாதவை, வீட்டிலேயே இருக்கட்டும். மேலே ஒரு பெரியவர், கீழே ஒருவர். கீழே நிற்பவர் கை காட்டினால்தான் அடுத்தவர் புறப்படலாம். ஏறுவது ஓரத்தால். சென்றமுறை இரண்டு பேர் மோதிக்கொண்டது ஏறுபவரும் இறங்குபவரும் ஒரே தடத்தில் இருந்ததால்தான்.

அம்மம்மாமார், அப்பப்பாமார் வருவதைத்தான் நீங்கள் கூடுதலாகப் பயப்படுகிறீர்கள் போலிருக்கிறது. சப்பாத்தில் மாட்டும் பல்லுப்பட்டி இருபது, முப்பது டொலருக்குக் கிடைக்கும். சங்கம் பத்துச் சோடி வாங்கி வைத்தால் பல ஆண்டு பாவிக்கலாம். தரிப்பிடத்தில் உப்புப் போட்டிருக்கிறது என்று நம்பவேண்டாம், −10 க்குக் கீழே சாதாரண உப்பு பெரிதாக உருக்காது, மணல்தான் பிடி கொடுக்கும். வேலையாட்கள் தாமதித்தால் என்று ஒரு வாளி மணலும் கொண்டுபோங்கள்.

சாப்பாடு பற்றிச் சுருக்கமாக. பிளாஸ்கைக் கொதிநீர் ஊற்றி ஐந்து நிமிடம் வைத்து, அதைக் கொட்டிவிட்டு இஞ்சித் தேத்தண்ணி ஊற்றுங்கள், மாலை வரை சுடும். ரோல்ஸையும் பற்றிசையும் ஃபொயிலில் சுற்றி, துவாய் விரித்த கூலர் பெட்டிக்குள் வைத்தால் இரண்டு மணித்தியாலம் சூடு நிற்கும். கூலர் குளிரை மட்டும் காப்பதில்லை. பார்க் கழிவறைகள் பல குளிர்காலத்தில் பூட்டியிருக்கும். எது திறந்திருக்கும் என்று முன்கூட்டியே நகரத்திடம் கேட்காததால்தான் போனமுறை பாதிப்பேர் இடைநடுவில் வீட்டுக்குப் போனார்கள், குளிரால் இல்லை.

எங்கள் கோரிக்கைகள் இவை.

முதலாவது, உலாவை நிறுத்திய தீர்மானத்தை மீளப்பெறுங்கள். விருந்து வேண்டுமென்றால் அன்று மாலை வையுங்கள், பெப்ரவரி நடுப்பகுதியில் ஐந்தே முக்காலுக்குத்தான் பொழுதுபடும். காலை 10.30 க்குப் பற் பெய்லி சதுக்கத்தில் தொடங்கி, அங்கே ஸ்கேற்றிங்கும் ஊரின் பெயர்க் கதையும், பிறகு ஹார்வுட் அவெனியூ வழியே காரில் இறங்கி ஏரிக்கரையில் வெற்றரன்ஸ் பொயின்ற் தோட்டம், அங்கிருந்து நடைபாதையில் முக்கால் மணித்தியாலம், 2 மணிக்கு முடிவு. ஸ்காபரோவிலிருந்து வருபவர்களுக்கு கோ (GO) ரயில் இருக்கிறது, 12 வயதுக்கும் அதற்குக் குறைந்த பிள்ளைகளுக்கும் இலவசம்.

இரண்டாவது, பாதுகாப்புக்கு என்று ஒருவரைப் பெயர் குறித்து நியமியுங்கள். காற்றுக்குளிர் −28 எல்லையும், பாதையை விட்டு இறங்காத விதியும், குளங்களுக்குப் போகாத விதியும் அவர் கையில் இருக்கட்டும். தலைவர் படம் எடுக்கக் கேட்டாலும் இல்லை என்று சொல்லும் அதிகாரம் அவருக்கு வேண்டும். முதலுதவி தெரிந்த இரண்டு பேர் அவரோடு நிற்கவேண்டும்.

மூன்றாவது, இரண்டு கிழமைக்கு முன்னரே உடுப்பு விவரத்தைத் தமிழில், மேலே எழுதிய அளவுக்கு, அனுப்புங்கள். புதிதாக வந்த குடும்பங்களுக்கு வளர்ந்த பிள்ளைகளின் ஸ்னோ பான்ற்ஸ், பூட்ஸ், ஹெல்மற்றைச் சேர்த்துக் கொடுக்க ஒரு மேசை ஒழுங்குசெய்யுங்கள். மண்டப வாடகையில் சிறு பங்குகூட இதற்கு ஆகாது.

நான்காவது, வரும் மரபுத்திங்கள் நிகழ்ச்சியில் இந்த ஊரின் வரலாற்றுக்குத் தமிழில் பதினைந்து நிமிடம் ஒதுக்குங்கள். ஸ்கூகொக் தீவின் மிசிசாகா மக்களிடமிருந்து ஒருவரை முறைப்படி அழைத்து, உரிய மதிப்பூதியம் கொடுத்து, பேசச் சொல்லுங்கள். தாங்கள் வசிக்கும் தெருவின் பெயரை ஆராய்ந்து எழுத 10 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு போட்டி வையுங்கள்.

பேசுவதற்கும் தொண்டு செய்வதற்கும் எங்கள் பக்கத்தில் ஆட்கள் தயார். உங்கள் முடிவை ஜனவரி மாதக் கூட்டத்துக்கு முன், குரல்செய்தியாக அல்லாமல் எழுத்தில், எல்லா உறுப்பினர்களுக்கும் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஏஜாக்ஸிலும் பிக்கரிங்கிலும் வசிக்கும் பெற்றோரும் உலாத் தொண்டர்களும்